மனைப்பொருளியலில் ‘ஏ’ எடுக்கச் சில கண்டி வழிகள்

தரம் 9 முடியும் தறுவாயில் பாடசாலையில் ஒரு படிவம் கொடுப்பார்கள். சாதாரண தரப் பரீட்சைக்குரிய ஒன்பது பாடங்களில் ஆறை அரசாங்கமே தெரிந்து தந்துவிடும்: சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு. மிச்ச மூன்றையும் தொகுதிக்கு ஒன்றாக நாம் பொறுக்கியெடுக்க வேண்டும். மூன்றாம் தொகுதியில் தகவல் தொழினுட்பம், விவசாயம், சுகாதாரமும் உடற்கல்வியும் என்று நீளும் வரிசையில் மனைப்பொருளியலும் ஓர் ஓரமாக நிற்கும். அதற்கு நேரே சரி போடப்போகும் பிள்ளைகளுக்கும், போடவிடாமல் தடுக்கப்போகும் பெற்றோருக்கும் பொதுவாக எழுதப்பட்ட கைகாட்டி இது. கண்டி நகரம், ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, மடுல்கலை, கம்பளை என்ற வட்டாரத்தை மனத்தில் வைத்து எழுதியது. கொழும்புப் பிள்ளைகள் தங்கள் வசதிக்கேற்ப இரண்டு அறைகள் கூட்டி வாசித்துக்கொள்ளலாம்.

முதல் வேலை, காரணம் தயாரிப்பது. “எனக்கு இந்தப் பாடம் பிடித்திருக்கிறது” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிள்ளைக்கு உடம்புக்கு முடியவில்லையோ என்று பார்ப்பார்கள். ஊர் உலகம் ஒத்துக்கொண்ட காரணம் ஒன்றே ஒன்றுதான்: “லேசான பாடம், ஏ விழும்.” இதைச் சொன்னால் பெரியம்மா தலையாட்டுவார், டியூஷன் மாஸ்டர் தலையாட்டுவார், பஸ் நிலையத்தில் பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவர்கூடத் தலையாட்டுவார். பாடம் உண்மையில் லேசா என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். புரதம், காபோவைதரேற்று, விற்றமின், கருப்பகால வளர்ச்சி, பிள்ளைப் பராமரிப்பு, துணியின் நார்கள், உணவு பழுதடையும் விதம், குடும்ப வரவுசெலவு, நுகர்வோர் சட்டம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன என்பதை நீங்களாக வாய்திறந்து சொல்லாதவரை ஆபத்தில்லை.

அப்பாவிடம் சொல்லும் நேரம் முக்கியம். சம்பள நாளன்று சொல்லலாம். அதற்கு முந்திய நாள் சொல்லக்கூடாது. எப்போது சொன்னாலும் வரப்போகிற பதில் தெரிந்ததுதான்: “சோறாக்க ஒங்கம்மா சொல்லித்தர மாட்டாளா? அதுக்கு என்னத்துக்கு புள்ள இஸ்கூலு?” இதற்கு எதிர்வாதம் செய்யாதீர்கள். “அப்படியானால் அம்மாவுக்கு யாரும் ஏன் சான்றிதழ் தரவில்லை?” என்ற கேள்வி நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிடுங்கள். பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அந்தக் கேள்வி ஏற்றதல்ல. சற்று நேரம் கழித்து அவரே “கம்பியூட்டர் எடுக்கலாமே” என்பார். பாடசாலையில் இருக்கும் கணினிகளில் எத்தனை உயிரோடிருக்கின்றன என்பதை மெல்லிய குரலில் தெரிவித்தால் பேச்சு முடிந்துவிடும்.

அப்பாவை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. அவருடைய சந்தேகம் இந்த மலைப்பக்கத்துப் பழைய சந்தேகம். பேராதனையைத் தாண்டித் தவுலகலப் பக்கம் போகும் வழியில் ஹந்தெஸ்ஸ என்று ஓர் ஊர். 1930களில் கிராமியக் கல்வித் திட்டம் என்ற பரிசோதனை அங்கேதான் தொடங்கியது. அதனால் ஹந்தெஸ்ஸத் திட்டம் என்றே பெயர் விழுந்தது. படிப்பைக் கிராமத்து வாழ்க்கையோடு ஒட்டவைப்பதும், வயலையும் வீட்டையும் கைத்தொழிலையும் வகுப்பறைக்குள் கொண்டுவருவதும் நோக்கம். காகிதத்தில் குறைசொல்ல இடமில்லாத திட்டம். ஆனால் டவுன் பிள்ளை ஆங்கிலம் படித்து உத்தியோகத்துக்குப் போகும்போது தம் பிள்ளை மட்டும் மண்வெட்டியைப் பற்றிப் படிப்பதா என்று தாய் தகப்பன்மார் கணக்குப் போட்டார்கள். கணக்கு சரியாகத்தான் வந்தது. திட்டம் படுத்துவிட்டது.

1972இல் மறுபடி. தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ் என்று புதிய பரீட்சையைக் கொண்டுவந்து, அதற்குள் தொழில்முன்னிலைப் பாடங்களைக் கட்டாயமாக்கினார்கள். 1977இல் ஆட்சி மாறியதும் பழைய சாதாரண தரம் திரும்பி வந்தது. எண்பதுகளில் வாழ்க்கைத் திறன் என்று இன்னொரு பெயர். இப்போது தரம் 6 முதல் 9 வரை செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள். செயன்முறைக் கல்வி நாட்டுக்கு நல்லது என்பதில் இந்த நாட்டில் எந்தக் கட்சிக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. எல்லோரும் அதை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் சிபாரிசு செய்கிறார்கள்.

சரி, படிவம் போய்விட்டது, பாடமும் கிடைத்துவிட்டது. இனி நீங்கள் பாடப்புத்தகத்து வீட்டுக்குக் குடிபோக வேண்டும். புத்தகம் இலவசம், 1980 முதல் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தருகிறது. அதற்குள் இருக்கும் வீடு இலவசமில்லை. அங்கே இருக்க ஓர் இடம், படுக்க ஓர் இடம், சமைக்க ஓர் இடம், விருந்தாளி வந்தால் உட்கார ஓர் இடம். காற்று ஒரு யன்னலால் வந்து மறு யன்னலால் போகும். சமையலறையில் அடுப்பு, தண்ணீர்த்தொட்டி, உணவு வைக்கும் இடம் ஆகிய மூன்றும் ஒரு முக்கோணத்தின் மூலைகளில் இருக்கும். வேலை செய்பவர் வீணாக நடந்து களைக்கக் கூடாதாம்.

இந்த முக்கோணத்துக்கு ஒரு குலப்பெருமை உண்டு. வீட்டு வேலையிலும் அடிகளை எண்ணலாம், நேரத்தை அளக்கலாம் என்று அமெரிக்காவில் லிலியன் கில்பிரத் போன்றவர்கள் கணக்கெடுத்த காலம் ஒன்று இருந்தது. அதே காலத்தில், 1926இல், மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர், தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஃபிராங்பேர்ட் சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீற்றர், நீளம் 3.4 மீற்றர், ஏறத்தாழ ஆறரைச் சதுர மீற்றர். இடத்தைச் சுருக்கியதில் உலகச் சாதனை என்று இன்றைக்கும் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள்.

பாவம், அந்த அம்மா ஒருமுறை கலஹாப் பக்கம் வந்திருக்கலாம். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை நட்ட லூல்கந்துரையும் அந்த மலையில்தான். தேயிலையோடு, தொழிலாளரின் வரிசை வீடான லயமும் வளர்ந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா என்றால் 120 சதுர அடி. பதினொரு சதுர மீற்றர். அது சமையலறையின் அளவில்லை, வீட்டின் அளவு. வாசலில் ஓர் இஸ்தோப்பு, அதையும் அடைத்து அடுப்புப் போட்டிருப்பார்கள். அடுப்பு, தண்ணீர்க் குடம், அரிசி வாளி மூன்றையும் இருந்த இடத்திலிருந்தே கையெட்டித் தொடலாம். நடக்கும் தூரத்தைக் குறைப்பதே விஞ்ஞானம் என்றால் லயம் கட்டிய துரைமார் அதன் உச்சியைத் தொட்டுவிட்டார்கள். நம் வீட்டு அம்மா நடப்பதெல்லாம் மலையில். வீட்டுக்குள் நடக்க இடமில்லை. நகரத்துக்குள் மஹையாவைப் பக்கம் போனாலும் நெருக்கடி இதற்குச் சளைத்ததல்ல.

ஆகவே மாணவர் கவனிக்கவேண்டியது: “உங்கள் வீட்டின் தளப்படத்தை வரைக” என்று ஒப்படை வந்தால், உங்கள் வீட்டை வரையாதீர்கள். ஒரு சதுரம் வரைந்துவிட்டு மீதிப் பக்கத்தை என்ன செய்வது? துரை பங்களாவை வரையுங்கள். உள்ளே போய்ப் பார்த்ததில்லை என்பது பெரிய குறையல்ல. புத்தகத்தைச் சரிபார்ப்பவர்கள் காம்பராவுக்குள் வந்து பார்த்திருப்பார்களா என்ன? பங்களாவுக்குப் புள்ளியும் கூட விழும். காற்றோட்டம் என்ற தலைப்பில் இரண்டு வாக்கியம் சேர்த்துக்கொள்ளுங்கள். கூரைத் தகரத்தின் ஓட்டையைக் காற்றோட்டத்தில் சேர்க்க முடியாது.

செயன்முறைப் பாடம் வேறு கதை. பல பாடசாலைகளில் மனைப்பொருளியல் அறை என்று ஒன்று இருக்கும். அதில் காஸ் அடுப்பு இருக்கும், காஸ் இருக்காது. கண்ணாடி அலுமாரியில் தேநீர்க் கோப்பைகள் வரிசையாக இருக்கும், சாவி அதிபரிடம் இருக்கும். அந்தக் கோப்பைகள் பிரதம விருந்தினருக்கு உரியவை. கைபட்டால் பாடத்தில் சித்தியடைய முடியாது. டீச்சரோ பாவப்பட்ட மனுஷி. சரஸ்வதி பூசைக்குப் பொங்கல், விளையாட்டுப் போட்டிக்குப் பானம், பரிசளிப்பு விழா நாடகத்துக்கு உடுப்பு, வலயத்திலிருந்து யாராவது வந்தால் வடையும் தேத்தண்ணியும் என்று எல்லாம் அவர் தலையில். கணித ஆசிரியரிடம் பாடசாலைக் கணக்கு வழக்கைப் பார்க்கச் சொன்னால் சங்கம்வரை போய்விடுவார். மனைப்பொருளியல் டீச்சர் மட்டும் வடை சுட்டால் அது பாடம் சார்ந்த இணைச் செயற்பாடு. அந்த வடையைச் சுட உதவியவர்களுக்கு ஏ கிடைக்கும் என்று எழுதப்படாத விதி ஒன்று உண்டு, நம்பி ஏமாறாதீர்கள். பரீட்சைத் திணைக்களத்துக்கு வடை போய்ச் சேர்வதில்லை.

அறையில் சமைக்கக் கிடைத்தால் ஒரு விஞ்ஞான உண்மையைக் கையோடு கொண்டுபோங்கள். தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் என்பது கடல்மட்டத்துக்கு. கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே 98 பாகையைக் கொஞ்சம் தாண்டியதுமே கொதித்துவிடும். நுவரெலியாவில் 94 பாகைக்கு அருகிலேயே கொதி வந்துவிடும். கொதிக்கிற நீரின் சூடு குறைந்தால் கடலை வேக அதிக நேரம் எடுக்கும், விறகும் அதிகம் எரியும். மேலே உள்ள தோட்டத்துக்கு வாக்கப்பட்டுப் போன அக்காமார், கீழே வேகிற கடலை அங்கே வேகமாட்டேன் என்கிறதே என்று மாமியாரிடம் பேச்சு வாங்குவார்களே, அந்தப் பேச்சில் பாதி வளிமண்டல அமுக்கத்துக்குச் சேர வேண்டியது. இதை மனைப்பொருளியல் விடைத்தாளில் எழுதினால் “சமையல் பற்றி எழுதுக” என்று சிவப்பு மையில் வரக்கூடும். விஞ்ஞான விடைத்தாளில் எழுதினால் கடலையை வெட்டிவிடுவார்கள். இரண்டு பாடங்களும் ஒரே பானையில்தான் வேகின்றன என்பது இரண்டு டீச்சர்மாருக்கும் தெரியும், நேரசூசிக்குத்தான் தெரியாது.

இத்தனைக்கும் இந்தப் பாடத்தை உலகத்தில் நிலைநிறுத்தியவர் சமையற்காரி இல்லை. எலன் சுவாலோ ரிச்சர்ட்ஸ் என்ற இரசாயனவியலாளர். மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் 1873இல் பட்டம் பெற்றார். அங்கே பட்டம் பெற்ற முதல் பெண் அவர். குடிநீரையும் உணவுக் கலப்படத்தையும் ஆய்வுகூடத்தில் பரிசோதித்தவர். 1899இல் லேக் பிளாசிட் என்ற இடத்தில் அவர் முன்னின்று கூட்டிய மாநாட்டிலிருந்துதான் மனைப்பொருளியல் ஒரு துறையாகக் கிளம்பியது. இந்தத் தகவலை அப்பாவிடம் சொல்லலாம். பலன் இருக்காது, ஆனாலும் சொல்லலாம்.

தையலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஓட்டுத் தையல், பின்தையல், சங்கிலித் தையல், பொத்தான் துளை எல்லாவற்றையும் சிறு துணித் துண்டுகளில் தைத்துக் கொப்பியில் ஒட்ட வேண்டும். கண்டியின் கொழும்பு வீதித் துணிக்கடைகளில் வெட்டு மீதி கேட்டால் கிடைக்கும். தைப்பது சித்தி, ஒட்டுவது நீங்கள். இது நெடுங்காலமாக நடைமுறையிலுள்ள வேலைப் பகிர்வு, டீச்சருக்கும் தெரியும். ஒரு வகுப்பில் பலருடைய பொத்தான் துளை ஒரே கையெழுத்தில் இருந்தால், அந்தச் சித்தி பல்லேகலையில் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார் என்று அறிக. வகுப்பறையில் பொம்பிளைப் பிள்ளை வேலை என்று பெயர் வாங்கும் அதே தையல், பல்லேகலையில் நாட்டுக்கு டொலர் கொண்டுவரும்.

போசணைப் பகுதியில்தான் புள்ளி அள்ளிக் கொடுப்பார்கள். சமநிலை உணவு, உணவுக் கூட்டங்கள், கர்ப்பிணித் தாயின் மதிய உணவு என்று வருடம் தவறாமல் ஏதாவது வரும். இங்கே ஒரே எச்சரிக்கை: நீங்கள் இன்று சாப்பிட்டதை எழுதாதீர்கள். ரொட்டியும் கட்டச் சம்பலும் காலைக்கு, ரொட்டியும் மிச்சச் சம்பலும் மத்தியானத்துக்கு, இரவைக்குச் சோறும் பருப்பும் என்று உண்மை எழுதினால் பசி தீரும், புள்ளி தேறாது. சிவப்பரிசிச் சோறு, மீன், பருப்பு, வல்லாரைச் சம்பல், பப்பாளித் துண்டு என்று எழுதுங்கள். மீனுக்குப் பதில் நெத்தலி போடலாமா என்றால், தாராளமாகப் போடலாம். புரதமும் கல்சியமும் அதில் உண்டு, விலையும் கட்டும். நெத்தலியை எழுதினால் ஏழையென்று நினைப்பார்களோ என்று பிள்ளைகள் தயங்குவதுண்டு. தயங்க வேண்டாம். போசணை அறிவுள்ள டீச்சர் அதற்கு ஒரு புள்ளி கூடவே போடுவார்.

திரிபோஷாவும் வரும். சோளமும் சோயாவும் சேர்த்து ஆக்கிய மா. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் அரசாங்கம் 1970களிலிருந்து இலவசமாகக் கொடுப்பது. விடைத்தாளில் அதை அவர்கள் மட்டுமே உண்பார்கள். வீட்டில் அது தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்ந்து உருண்டையாகி, மலையிலிருந்து வந்த அப்பாவுக்கு ஒன்று, தாத்தாவுக்கு ஒன்று, ஏட்டுக்கல்வி முடித்து வந்த உங்களுக்கு ஒன்று என்று போய், கர்ப்பிணிக்குக் கடைசி உருண்டை கிடைக்கும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம். தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 சதவீதம். போசணை பற்றி எந்தப் பாடசாலை அதிக கவனத்தோடு படிப்பிக்க வேண்டும் என்று இந்த இரண்டு எண்களும் சொல்லும். சொல்வதோடு சரி, உருண்டையின் எண்ணிக்கையைப் பாடம் கூட்டாது.

களப்பயணம் கேட்டால் கன்னொறுவைக்குக் கேளுங்கள். பேராதனைப் பூங்காவுக்கு அடுத்த கரையில், விவசாயத் திணைக்களத்தின் ஹெல போஜுன் உணவகத்தில் பெண்கள் குரக்கன் ரொட்டி, உளுந்து வடை, இலைக்கஞ்சி, தேங்காய்ப்பாணி உருட்டிய பலகாரம் எல்லாம் கண்முன்னே செய்து விற்கிறார்கள். மனைப்பொருளியல் வருமானமாக மாறும் இடத்தைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் இல்லை. பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகாமல் பூங்காவில் நடத்திவிட்டுக் கூட்டிவரும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். பூங்காவைப் பெரஹெரா காலத்து உல்லாசப் பயணிகள் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்போது முக்கியமான பகுதிக்கு வருகிறேன்: குடும்ப வரவுசெலவுத் திட்டம். புத்தக மாதிரிக் குடும்பத்துக்கு மாதச் சம்பளம் உண்டு. அது ஒவ்வொரு மாதமும் ஒரே தொகையாக, ஒரே நாளில் வரும். உணவு, உடை, கல்வி, சுகாதாரம், பொழுதுபோக்கு, சேமிப்பு என்று கட்டம் போட்டு நிரப்பினால் கடைசி வரியில் எப்போதும் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சாவிட்டால் கூட்டலில் பிழை.

நம் பக்கத்துக் கணக்கு வேறு பள்ளிக்கூடம். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் 1,350 ரூபாவாகவும் வர்த்தமானியில் வந்தது. வர்த்தமானியில் வந்தது அப்படியே வீட்டுக்கு வந்துவிடும் என்று எண்ணுபவர்கள் பாடத்தை மறுபடி படிக்கவும். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். மழை பிடித்தால் வேலை நாள் குறையும். ஆகவே அம்மாவின் வரவுப் பக்கத்தில் ஓர் எண் இல்லை. சில ஊகங்கள் இருக்கின்றன. செலவுப் பக்கத்தில் கடைக் கொப்பி இருக்கிறது. அதற்குக் கீழே சீட்டு, அதற்குக் கீழே அடகுக்கடைத் துண்டு. எந்தச் சீட்டை எந்த மாதம் எடுத்தால் எந்த நகை மூழ்காமல் தப்பும் என்ற கணக்கை, கால்குலேட்டர் இல்லாமல், ரொட்டி தட்டிக்கொண்டே போடுகிற பெண்கள் லயத்துக்கு நாலு பேர் இருப்பார்கள். பாடத்தில் ‘முகாமைத்துவம்’ என்று திட்டமிடல், ஒழுங்கமைத்தல், நடைமுறைப்படுத்தல், மதிப்பிடல் எனப் படி படியாகப் பிரித்துப் போட்டிருப்பது இதைத்தான்.

2021, 2022 பொருளாதார நெருக்கடியில் இந்தக் கணக்கு நாட்டுக்கே வந்தது. பன்னிரண்டரைக் கிலோ காஸ் சிலிண்டர் கொழும்பில் 1,493 ரூபாவிலிருந்து 2021 ஒக்டோபரில் 2,675 ஆனது. 2022 ஏப்ரலில் 4,860. 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி, 94.9 சதவீதம். அதாவது முந்திய வருடம் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமானுக்கு 195 ரூபா. மத்திய வங்கியில் கூடிக் கூடிப் பேசினார்கள். கண்டி வீடுகளில் யாரும் கூடவில்லை; மூன்று வேளைக் கறி ஒருவேளையானது, தேங்காய்ப்பால் இரண்டாம் பாலிலிருந்து மூன்றாம் பாலுக்கு இறங்கியது, மொட்டைமாடியில் விறகடுப்பு ஏறியது. அந்த வருடம் நாட்டுக்கு வரவுசெலவு படிப்பித்தவர்கள் யாரென்று எனக்குச் சந்தேகமில்லை. அவர்களில் பெரும்பாலோர் சாதாரண தரம் எழுதாதவர்கள்.

மெய் வருமானம் என்று ஒன்றும் பாடத்தில் வரும். வீட்டில் விளையும் கீரை, வீட்டார் கூலியில்லாமல் செய்யும் வேலை ஆகியவற்றைப் பணமாக மதித்துச் சொல்வது. பரீட்சைக்கு உதாரணம் கேட்டால் “தாய் சமைத்தல், துவைத்தல், பிள்ளை பராமரித்தல்” என்று எழுதுங்கள், முழுப்புள்ளி. எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டும் எண்ணம் இருந்தால், அப்பா வெளியே போனபின் வாசிக்கவும். மாதத்துக்கு எவ்வளவு ஆகும் என்று அம்மா கேட்கக்கூடும்.

நுகர்வோர் பகுதிக்குத் தனியாகப் படிக்கத் தேவையில்லை. கண்டி மத்திய சந்தைக்கு அம்மாவோடு ஒரு சனிக்கிழமை போங்கள். எஸ்.எல்.எஸ். தர முத்திரை, காலாவதித் திகதி, உச்ச சில்லறை விலை, குளிர்பானப் போத்தலில் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் எல்லாம் அங்கே இருக்கின்றன. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் சட்டம் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம், முறைப்பாட்டு எண் 1977. இதைப் பாடமாக்கினால் ஒரு வினா உறுதி. பேரம் பேசுவது பாடத்திட்டத்தில் இல்லை. அதை அம்மா வைத்துக்கொண்டிருக்கிறார்.

பரீட்சை நாளுக்கு வருவோம். முதற்பகுதியில் 40 பல்தேர்வு வினாக்கள். எல்லா விடையும் சரிபோலத் தோன்றினால் உங்கள் வீட்டில் நடப்பதை முதலில் வெட்டிவிடுங்கள், மிச்சத்தில் தெரியுங்கள். கட்டுரை வினாவில் “குடும்ப அங்கத்தவர்கள் வேலைகளைப் பகிர்ந்துகொள்வர்” என்ற வாக்கியத்தை எங்காவது சேருங்கள். சேர்க்கும்போது சிரிக்கக் கூடாது, மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஏ வந்துவிடும். வந்தபிறகு பெரியம்மா சொல்வார்: “அது அந்தப் பாடம்தானே.” அதையும் பொறுத்துக்கொண்டு உயர்தரத்திலும் இதையே எடுக்க நினைத்தால், கலைப்பிரிவில் இடமுண்டு. ஆனால் வரைபடத்தைக் கவனியுங்கள். உங்கள் பாடசாலையிலிருந்து சில மைல் தூரத்தில், பேராதனைப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில், உணவு விஞ்ஞானமும் தொழினுட்பமும் என்று முழுப் பட்டப்படிப்பே இருக்கிறது. அதற்குள் நுழைய விஞ்ஞானப் பிரிவு வேண்டும். இரண்டு வருடம் மனைப்பொருளியலும் இன்னும் இரண்டு வருடம் உயர்தர மனைப்பொருளியலும் படித்த பிள்ளை அந்தப் பீடத்தைப் பஸ்ஸிலிருந்து பார்க்கலாம். இது வேடிக்கையாகச் சொன்னதல்ல. இரசாயனம் படித்த ஒரு பெண் தொடங்கிவைத்த பாடத்தை இரசாயனத்திலிருந்து பிரித்துக் கலைப்பிரிவில் கட்டிப்போட்டது பெரிய அநியாயம்.

கடைசியாக ஆண்பிள்ளைகள். கலவன் பாடசாலையில் ஒரு பையன் இந்தப் பாடத்துக்குக் கை தூக்கினால் வகுப்பு சிரிக்கும், சில ஆசிரியர்களும் சேர்ந்து சிரிப்பார்கள். அவனை மெதுவாக விவசாயத்துக்கோ வடிவமைப்புத் தொழினுட்பத்துக்கோ தள்ளிவிடுவார்கள். பிறகு அந்தக் கூட்டமெல்லாம் சேர்ந்து டவுனில் கொத்து ரொட்டி சாப்பிடப் போகும். கொத்துகிறவர் ஆண். சோறு வடிப்பவர் ஆண். பக்கத்துத் தையல்கடையில் கழுத்தில் அளவு நாடாவோடு நிற்பவரும் ஆண். சம்பளம் கிடைக்கும் இடத்தில் அடுப்புக்கும் ஊசிக்கும் ஆண் பெண் கிடையாது. சம்பளமில்லாத இடத்தில்தான் அது பொம்பிளை வேலை.

மகன்மாரைப் பெற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பையன் சாதாரண தரம் முடித்து, ஹோட்டல் தொழிலுக்குப் போகிறேன் என்று ஒருநாள் வந்து நிற்பான். இலங்கை சுற்றுலா, ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகத்துக்குக் கண்டியிலும் ஒரு கல்லூரி இருக்கிறது. நீங்களே கூட்டிப்போய்ச் சேர்ப்பீர்கள், ஊரெல்லாம் பெருமையாகச் சொல்வீர்கள். அங்கே அவன் முதலில் படிக்கப்போவது கை கழுவுவது, காய்கறி வெட்டுவது, உணவு பழுதாகாமல் வைப்பது, சமநிலை உணவு. அதற்குக் கட்டணம் உண்டு. தரம் 10இல் அதே பாடம் இலவசம், புத்தகமும் இலவசம்.